இரட்டைத் தொடக்கப் பிழைகள்

இரட்டைத் தொடக்கப் பிழைகள் என்பன, ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் நிறுவப்பட்டுள்ள நிலையில், மின்விசையை இட்டதற்கும் இயங்குதளம் பணிக்கு ஆயத்தமாவதற்கும் இடைப்பட்ட நேரத்தில் ஏற்படும் தடைகள் ஆகும். விண்டோசும் லினக்சும் ஒரே வன்தட்டைப் பகிர்ந்துகொள்ளும் மடிக்கணினிகளில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. கணினி பழையதாகும்போது மென்பொருள் சார்ந்த காரணங்களுடன் வன்தட்டின் தேய்வு, தாய்ப்பலகை மின்கலத்தின் முதுமை போன்ற வன்பொருள் காரணங்களும் சேர்ந்துகொள்வதால், பிழையின் மூலத்தைக் கண்டறிவது கடினமாகிறது.

கரிய திரையில் ஒரு வரிப் பிழைச்செய்தியைக் காணும் பயனர்கள் பலர், தமது கோப்புகள் அனைத்தும் அழிந்துவிட்டன எனக் கருதி, வன்தட்டை முழுவதும் வடிவமைத்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவிவிடுகின்றனர். உண்மையில் இத்தகைய பிழைகளுள் பெரும்பாலானவற்றில் பழுதாவது சில நூறு பைட்டுகளோ ஓர் அமைப்புக் கோப்போ மட்டுமே ஆகும். ஆவணங்களும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவை அழிவது பெரும்பாலும் பிழைக்குப் பின்னர் மேற்கொள்ளப்படும் அவசரத் திருத்தங்களாலேயே.

தொடக்கத்தின் படிகள்

கணினியின் தொடக்கம் ஒரு சங்கிலித் தொடர் போன்றது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு அடுத்த கண்ணியை மட்டுமே அறியும். 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிமேசைக் கணினி முதல் ஏறத்தாழ 2010 வரை விற்பனையான கணினிகளுள் பெரும்பாலானவற்றில் முதற்கண்ணி பயாஸ் எனப்படும் நிலைப்பொருள் ஆகும். இது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதித்தபின், தொடக்க வரிசையில் முதலாவதாக உள்ள வட்டின் முதல் 512 பைட்டுகளை நினைவகத்தில் ஏற்றி, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். அச்சிறு நிரல் தொடக்க ஏற்றியை அழைக்கும். தொடக்க ஏற்றி, லினக்ஸ் எனில் கருனியையும் அதனுடன் செல்லும் தொடக்க நினைவக வட்டுக் கோப்பையும் ஏற்றும். விண்டோஸ் எனில் விண்டோசின் சொந்தத் தொடக்க ஏற்றியிடம் பொறுப்பை மாற்றிவிடும்.

எனவே திரையில் கடைசியாகத் தோன்றியது எது என்பதே முதன்மையான தடயம் ஆகும். தயாரிப்பாளரின் சின்னமே தோன்றவில்லை எனில் குறை வன்பொருளில் உள்ளது; இயங்குதளத்தை மீண்டும் நிறுவுவதால் பயன் எதுவும் இராது. சின்னம் தோன்றி மறைந்தபின் தொடங்கத்தக்க வட்டு இல்லை என்னும் செய்தி வந்தால், பயாஸ் வட்டைக் காணவில்லை அல்லது கண்ட வட்டின் முதற்பகுதியில் ஏற்கத்தக்க நிரல் இல்லை. இயங்குதளங்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தோன்றியபின் தடை ஏற்பட்டால், வட்டும் தொடக்க ஏற்றியும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன.

முதன்மைத் தொடக்கப் பதிவு

மேற்கூறிய 512 பைட்டுகளே முதன்மைத் தொடக்கப் பதிவு எனப்படுகின்றன. இம்முறை 1983 இல் பி.சி. டாஸ் 2.0 உடன், வன்தட்டு பொருத்தப்பட்ட ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினிக்காக அறிமுகமானது. இதில் 446 பைட்டுகள் நிரலுக்கும், 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கும், இறுதி 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. பிரிவு அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 16 பைட்டு நீளமுடையது. ஆகையால் ஒரு வட்டில் 4 முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் அமைக்க இயலாது. அவற்றுள் ஒன்றை விரிவாக்கப் பிரிவாக மாற்றி, அதனுள் தருக்கப் பிரிவுகளை அமைக்கலாம். லினக்சில் தருக்கப் பிரிவுகளின் எண்கள் எப்போதும் 5 இலிருந்து தொடங்கும். பின்னர்க் கூறப்படும் பல சிக்கல்களுக்கு இவ்வெண் முறையே வேர்.

இரண்டு இயங்குதளங்கள் இருப்பினும் நிரலுக்கான 446 பைட்டு இடம் ஒன்றே. விண்டோஸ் நிறுவி, அவ்விடத்தில் வேறொரு நிரல் உள்ளதா என்று வினவாமல் தனது நிரலை எழுதிவிடும். லினக்ஸ் நிறுவிகளோ விண்டோசைத் தேடிக் கண்டறிந்து தமது பட்டியலில் சேர்த்துக்கொள்கின்றன. விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவ வேண்டும் என்னும் பரவலான அறிவுரை இதனாலேயே தோன்றியது. வரிசை மாறினால் லினக்ஸ் அழிவதில்லை. அதற்குச் செல்லும் வழி மட்டுமே மறைகிறது. நிகழ்வட்டு ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்கித் தொடக்க ஏற்றியை மீண்டும் பதிந்தால் பட்டியல் திரும்பிவிடும்.

விண்டோஸ் எக்ஸ்பியின் மீட்பு முனையத்தில் உள்ள பிக்ஸ்எம்பிஆர் கட்டளையும், விஸ்டாவிலிருந்து அதன் இடத்தைப் பெற்ற பூட்ரெக் கருவியும் நிரல் பகுதியை மட்டுமே மாற்றி எழுதுகின்றன. பிரிவு அட்டவணையைப் பொதுவாகத் தொடுவதில்லை. எனினும் இயல்புக்கு மாறான தொடக்கப் பதிவைக் காணும்போது பிக்ஸ்எம்பிஆர் ஓர் எச்சரிக்கையை வெளியிடும். கிரப் நிறுவப்பட்ட ஒவ்வொரு வட்டிலும் இவ்வெச்சரிக்கை வரும் என்பதால், அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அட்டவணையே பழுதாகியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இக்கட்டளையைத் தவிர்த்தல் நன்று.

லைலோ

1990களில் லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் லைலோ என்னும் தொடக்க ஏற்றி பயன்பட்டது. இதை உருவாக்கியவர் வெர்னர் அல்மெஸ்பெர்கர். தொடங்கும்போது தனது பெயரின் நான்கு எழுத்துக்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் அச்சிடுவது இதன் சிறப்பு. முதல் எழுத்துடன் நின்றால் இரண்டாம் கட்ட நிரலை ஏற்ற இயலவில்லை என்றும், இரண்டு எழுத்துக்களுடன் நின்றால் ஏற்றிய நிரலை இயக்க இயலவில்லை என்றும் பொருள். பிழைச்செய்திக்கென இடமில்லாத சில நூறு பைட்டுகளுக்குள் இத்தகைய தடயத்தை அமைத்தது பாராட்டத்தக்கது. கருனி வட்டில் இருக்கும் துண்டுகளின் முகவரிகளை லைலோ நேரடியாகக் குறித்து வைத்திருந்ததால், கருனியைப் புதுப்பித்தவுடன் லைலோ கட்டளையை மீண்டும் இயக்க வேண்டியிருந்தது. அதை மறந்தவர்களின் கணினிகள் அடுத்த முறை தொடங்கவில்லை. லைலோவின் மேம்பாடு 2015 இன் இறுதியில் நிறுத்தப்பட்டது.

கிரப் பிழைகள்

இன்று பரவலாக உள்ள கிரப் தொடக்க ஏற்றியை 1995 இல் எரிக் போலின் என்பவர் க்னூ ஹர்ட் இயங்குதளத்திற்காக எழுதத் தொடங்கினார். 1999 இல் இது க்னூ திட்டத்தின் அதிகாரப்பூர்வ மென்பொருளானது. லைலோவைப் போல் முகவரிகளை மனப்பாடம் செய்யாமல், கோப்பு முறைமையைத் தானே படித்துக் கருனியைப் பெயரால் தேடுவது இதன் சிறப்பு. ஆனால் கோப்பு முறைமையைப் படிக்கும் நிரல் 446 பைட்டுகளுக்குள் அடங்காது. எனவே அதன் பெரும்பகுதி, முதன்மைத் தொடக்கப் பதிவுக்கும் முதற்பிரிவுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் வைக்கப்படுகிறது. பழைய வழக்கப்படி முதற்பிரிவு 63 ஆம் துண்டில் தொடங்கியதால் இவ்வெற்றிடம் ஏறத்தாழ 31 கிலோபைட்டு அளவே இருந்தது. விஸ்டா முதற்கொண்டு முதற்பிரிவு 1 மெகாபைட்டு எல்லையில் தொடங்குவதால் இந்நெருக்கடி குறைந்தது.

இந்த வெற்றிடம் எவருக்கும் உரியதன்று என்பதே அதன் ஆபத்து. விண்டோசில் இயங்கும் சில வணிக மென்பொருள்களின் உரிமச் சரிபார்ப்பு நிரல்கள் தமது குறிப்புகளை இங்கேயே மறைத்து வைத்தன. அதனால் கிரப்பின் ஒரு பகுதி அழிந்து, விண்டோசில் ஒரு மென்பொருளை இயக்கிய மறுநாள் லினக்ஸ் தொடங்காமற்போன நிகழ்வுகள் 2010 வாக்கில் பதிவாயின. பிற்காலக் கிரப் பதிப்புகள் அத்தகைய துண்டுகளை அடையாளம் கண்டு தவிர்ப்பதுடன், ஒலி இறுவட்டுகளில் கீறல்களை ஈடுசெய்யப் பயன்படும் ரீட்-சாலமன் முறையிலான பிழைதிருத்தக் குறிகளையும் சேர்த்தே எழுதுகின்றன.

2005 இல் வெளியான 0.97 பதிப்புடன் நிறைவுற்ற பழைய கிரப், பிழைகளை எண்களால் அறிவித்தது. 15 எனில் கோப்பைக் காணவில்லை. 17 எனில் பிரிவு உள்ளது, ஆனால் அதன் கோப்பு முறைமையை அறிய இயலவில்லை. 21 எனில் வட்டே இல்லை. 22 எனில் பிரிவு இல்லை. 18 என்னும் பிழை, கருனி பயாசால் எட்ட இயலாத தொலைவில் உள்ளதைக் குறித்தது. பழைய மடிக்கணினி ஒன்றில் பெரிய வன்தட்டைப் பொருத்தியவர்கள் இதைக் கண்டனர். தொடக்கக் கோப்புகளுக்கெனச் சிறிய பிரிவு ஒன்றை வட்டின் முற்பகுதியில் அமைப்பதே அதற்குத் தீர்வாக இருந்தது.

கிரப் 2, 2009 அக்டோபரில் வெளியான உபுண்டு 9.10 இல் இயல்பிருப்பாக இடம்பெற்றதன் வழியே பரவலானது. இது எண்களுக்குப் பதிலாகச் சொற்றொடர்களைக் காட்டும். பிரிவு இல்லை என்றோ, அறியாத கோப்பு முறைமை என்றோ ஒரு வரி தோன்றி, அதன்கீழ் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்னும் மீட்பு முனையம் காத்து நிற்கும். வெற்றிடத்தில் உள்ள முற்பகுதி இயங்குகிறது, ஆனால் லினக்ஸ் பிரிவில் உள்ள தனது எஞ்சிய கூறுகளை அதனால் அடைய இயலவில்லை என்பதே இதன் பொருள்.

இதற்கு இரண்டு காரணங்கள் மிகுதி. ஒன்று, லினக்ஸ் இனி வேண்டாம் எனக் கருதி விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியால் லினக்ஸ் பிரிவை நீக்குவது. கிரப்பின் பாதி நீங்கிப் பாதி நிற்பதால் விண்டோசும் தொடங்காது. விண்டோசின் மீட்பு வட்டைக் கொண்டு தொடக்கப் பதிவை மீண்டும் எழுதிய பின்னரே லினக்ஸ் பிரிவை நீக்குவது சரியான முறை. மற்றொன்று, பிரிவு எண்கள் இடம்பெயர்வது. 5 ஆம் தருக்கப் பிரிவை நீக்கினால் 6 ஆம் பிரிவு 5 ஆகிவிடும். எவ்விதக் கோப்பும் அழியாதபோதும் கிரப் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாம் வகைப் பிழையில் மீட்பு முனையத்திலிருந்தே கணினியைத் தொடங்கலாம். ‘எல்எஸ்’ கட்டளை பிரிவுகளின் பட்டியலைத் தரும். ஒவ்வொரு பிரிவின் பெயரையும் அதற்குக் கொடுத்துப் பார்த்தால், லினக்சின் கோப்புறைகள் எதில் உள்ளன எனத் தெரியவரும். பின்னர் ‘செட்’ கட்டளையால் ‘ரூட்’, ‘பிரிஃபிக்ஸ்’ ஆகிய இரு மாறிகளையும் அப்பிரிவுக்குச் சுட்டி, ‘இன்ஸ்மாட் நார்மல்’, ‘நார்மல்’ என அடுத்தடுத்து உள்ளிட்டால் வழக்கமான பட்டியல் தோன்றும். இத்திருத்தம் அந்த ஒரு தொடக்கத்திற்கு மட்டுமே நிலைக்கும். லினக்ஸ் தொடங்கியதும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் கட்டளைகளை இயக்கினாலே அது நிலையாகப் பதியும். கிரப்-இன்ஸ்டால் கட்டளைக்கு வட்டின் பெயரைத் தரவேண்டுமேயன்றிப் பிரிவின் பெயரையன்று. விண்டோஸ் பிரிவின் பெயரைத் தவறுதலாகத் தந்தால் விண்டோசின் தொடக்கத் துண்டே அழிய நேரிடும்.

வட்டு மாற்றப்பட்ட பழைய மடிக்கணினிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. கிரப்பை எந்த வட்டில் பதிவது என்பதை டெபியன், உபுண்டு வழங்கல்கள் நினைவில் வைத்திருக்கின்றன. பழைய வன்தட்டின் உள்ளடக்கத்தைத் திண்மநிலை வட்டுக்குப் படியெடுத்தபின், அந்நினைவு கழற்றப்பட்ட வட்டையே சுட்டிக்கொண்டிருக்கும். அடுத்த புதுப்பித்தலில் லினக்ஸ் பிரிவில் உள்ள கூறுகள் புதியனவாகும். வெற்றிடத்தில் உள்ள முற்பகுதி பழையதாகவே நிற்கும். 2020 சூலை 29 அன்று பூட்ஹோல் என்னும் பாதுகாப்புக் குறைபாடு வெளியிடப்பட்டு, கிரப் அவசரமாகப் புதுப்பிக்கப்பட்டபோது, ‘கிரப் காலக்’ என்னும் குறியீட்டைக் காணவில்லை என்ற பிழையுடன் பல கணினிகள் நின்றதற்கு இவ்வகைப் பொருத்தமின்மையே காரணம். அக்கணினிகளில் வட்டும் கோப்புகளும் சிறிதும் பழுதடைந்திருக்கவில்லை.

பட்டியலுக்குப் பின் வரும் தடைகள்

லினக்சைத் தேர்ந்தெடுத்தபின் கருனி வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என அறிவித்து நின்றுவிட்டால், தொடக்க நினைவக வட்டுக் கோப்பு இல்லை அல்லது அரைகுறையாக உள்ளது எனலாம். தொடக்கக் கோப்புகளுக்கான சிறு பிரிவு பழைய கருனிகளால் நிரம்பியிருக்கும்போது நிகழும் புதுப்பித்தல் இதற்கு வழக்கமான காரணம். பட்டியலில் முந்தைய கருனியைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கி, வேண்டாதவற்றை நீக்கினால் போதும்.

விண்டோசைத் தேர்ந்தெடுத்தபின் என்டிஎல்டிஆர் இல்லை என்றோ பூட்எம்ஜிஆர் இல்லை என்றோ செய்தி வரலாம். முன்னது எக்ஸ்பி வரையிலான பதிப்புகளின் தொடக்க ஏற்றி. பின்னது விஸ்டாவிலிருந்து வழக்கிலுள்ளது. ஒரே வட்டில் இரண்டும் இருந்து, எது எப்பிரிவில் உள்ளது என்பது மறந்துபோன கணினிகளும் உண்டு. கிரப் பட்டியலில் விண்டோசுக்கு எதிரே குறிக்கப்பட்ட பிரிவு சரியானதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

விண்டோஸ் 8 (2012) முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதி தனியே குறிப்பிடத்தக்கது. இவ்வசதி இயங்கும்போது கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக நிறுத்தப்படுவதில்லை. அதன் கருனி வட்டில் உறக்கநிலையில் சேமிக்கப்படுகிறது. அந்நிலையில் லினக்சிலிருந்து விண்டோஸ் பிரிவில் எழுதினால் கோப்பு முறைமை குலையும். அப்பிரிவை லினக்ஸ் படிப்பதற்கு மட்டுமே திறப்பது பழுதன்று, பாதுகாப்பு. அதைக் கட்டளைகளால் வலிந்து மீறுவதைக் காட்டிலும், விண்டோசில் இவ்வசதியை அணைத்துவிடுவதே தக்கது.

முதுமை சார்ந்த காரணங்கள்

தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ட்டு நாணய வடிவ மின்கலம், பயாஸ் அமைப்புகளையும் கடிகாரத்தையும் காக்கிறது. இது தீர்ந்தால் அமைப்புகள் தயாரிப்பு நிலைக்குத் திரும்பும். தொடக்க வரிசை மாறும். நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும். கோப்பு முறைமை கடைசியாக ஏற்றப்பட்ட நாள் வருங்காலத்தில் உள்ளதாகக் கூறிப் பழைய லினக்ஸ் பதிப்புகள் தொடக்கத்தை நிறுத்திவிடும். இச்செய்தி வட்டுப் பழுதைப் போல் தோன்றினும், நாளைச் சரிசெய்து மின்கலத்தை மாற்றினால் தீரும்.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் பிசகினால் மின்கலத்தை ஐயுற வேண்டியதில்லை. விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையும், லினக்ஸ் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தையும் பதிவதால், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள இரட்டைத் தொடக்கக் கணினிகளில் இவ்வேறுபாடு தோன்றுகிறது.

மின்கலம் தீர்வதால் நேரும் மிகக் குழப்பமான விளைவு, வட்டு இணைப்பு முறை மாறுவது. எக்ஸ்பி காலத்தில் பல மடிக்கணினிகளின் வட்டு, பழைய ஐ.டி.இ. முறையில் இயங்குமாறு பயாசில் அமைக்கப்பட்டிருந்தது. அமைப்பு அழிந்து ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாறினால், அதற்குரிய இயக்கி இல்லாத எக்ஸ்பி, 7பி என முடியும் எண்ணுடன் நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் தொடங்கும். லினக்ஸ் கருனியில் இரண்டுக்குமான இயக்கிகள் இருப்பதால் லினக்ஸ் வழக்கம்போல் தொடங்கும். விண்டோஸ் மட்டும் கெட்டுவிட்டதாக இங்கே முடிவு செய்வது எளிது; பயாசில் ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் அது மீண்டுவிடும்.

வன்தட்டின் தேய்வு இவற்றினும் கடுமையானது. ஒரு முறை தொடங்கி மறுமுறை தொடங்காமை, சொடுக்கும் ஓசை, பட்டியல் தோன்றுவதற்குள் நீண்ட காத்திருப்பு ஆகியன இதன் அறிகுறிகள். வட்டுகள் தமது நிலையைத் தாமே பதியும் ஸ்மார்ட் பதிவேட்டை நிகழ்வட்டிலிருந்து ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கருவியால் படிக்கலாம். இடம் மாற்றப்பட்ட துண்டுகளும், மாற்றத்திற்குக் காத்திருக்கும் துண்டுகளும் நாளுக்கு நாள் பெருகினால் தொடக்க ஏற்றியைத் திருத்தும் முயற்சியைக் கைவிட வேண்டும். கோப்பு முறைமையைச் சீராக்கும் கருவிகளையும் அவ்வட்டின்மீது இயக்கலாகாது. அவை வட்டு முழுவதும் படித்து எழுதுவதால் எஞ்சிய ஆயுளையும் தின்றுவிடும். க்னூ டிடிரெஸ்க்யூ, நலமாக உள்ள பகுதிகளை முதலில் படியெடுத்து, பழுதான இடங்களுக்குப் பின்னர்த் திரும்பிவருமாறு எழுதப்பட்டது. அதனால் முழு வட்டையும் வேறொன்றுக்கு மாற்றியபின், திருத்தங்கள் அனைத்தையும் அப்படியின்மீதே செய்யலாம்.

யூ.ஈ.எப்.ஐ. கணினிகள்

2010க்குப் பின் வந்த கணினிகளில் பயாசின் இடத்தை யூ.ஈ.எப்.ஐ. பிடித்தது. இதில் தொடக்க ஏற்றிகள் தனியொரு பிரிவில் சாதாரணக் கோப்புகளாக அமைகின்றன. 446 பைட்டு இடத்திற்கான போட்டி இங்கில்லை; விண்டோசும் லினக்சும் அருகருகே இருக்கலாம். எந்தக் கோப்பை முதலில் இயக்குவது என்பது தாய்ப்பலகையின் நினைவகத்தில் பதியப்படுவதால், அது அழிந்தாலோ விண்டோஸ் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொண்டாலோ கிரப் காணாமற்போனது போல் தோன்றும். நிலைப்பொருளின் தொடக்கப் பட்டியலிலிருந்தோ லினக்சின் ‘இஎப்ஐபூட்எம்ஜிஆர்’ கருவியாலோ வரிசையை மாற்றலாம். விண்டோசைப் பழைய பயாஸ் முறையிலும் லினக்சைப் புதிய முறையிலும் நிறுவினால் ஒன்றின் பட்டியலிலிருந்து மற்றொன்றைத் தொடங்க இயலாது என்பதையும் நிறுவும்போதே கருதவேண்டும்.

விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்பான தொடக்கம், கையொப்பமிடப்பட்ட நிரல்களை மட்டுமே இயக்கும். 2024 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் புதுப்பித்தல் ஒன்று, பழைய தொடக்க ஏற்றிகளைத் தடுக்கும் பட்டியலை இரட்டைத் தொடக்கக் கணினிகளிலும் பதிந்துவிட்டதால், அவற்றுள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. பாதுகாப்பான தொடக்கத்தைத் தற்காலிகமாக அணைத்து, லினக்சில் அத்தடைப் பட்டியலை நீக்கியபின் அது மீண்டும் இயங்கியது.

ஆனால் பாதுகாப்பான தொடக்கத்தை அணைக்குமுன் ஒன்றை உறுதிசெய்தல் இன்றியமையாதது. விண்டோஸ் பிரிவு பிட்லாக்கர் முறையில் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், தொடக்கத் தொடரில் ஏற்படும் மாற்றத்தைக் கண்டு அது 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கும். பல கணினிகளில் இம்மறைகுறியாக்கம் பயனர் அறியாமலே இயக்கப்பட்டிருக்கும். குறி கைவசம் இல்லையெனில், அணைத்ததை மீண்டும் முன்பிருந்தவாறே இயக்கிப் பார்ப்பதே முதல் வழி. அந்நிலையில் வட்டை வடிவமைத்தால் கோப்புகளை எவ்வகையிலும் மீட்க இயலாது.

பிரிவு அட்டவணை அழிந்தால்

மேற்கூறியவற்றுள் எதிலும் அடங்காமல், வட்டு முழுவதும் வெற்றிடமாகக் காட்டப்படுவதும் உண்டு. அப்போது விண்டோஸ் அவ்வட்டைத் தொடக்கநிலைப்படுத்தவோ வடிவமைக்கவோ இசைவு கேட்கும்; மறுத்துவிட வேண்டும். அட்டவணை அழிந்தாலும் ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் அதன் கோப்பு முறைமைக்குரிய அடையாளங்கள் எஞ்சியிருக்கும். கிறிஸ்தோப் கிரெனியர் உருவாக்கிய டெஸ்ட்டிஸ்க் என்னும் கட்டற்ற மென்பொருள், வட்டை முழுதும் துழாவி இவ்வடையாளங்களைக் கொண்டு பழைய எல்லைகளை மீட்டமைக்கிறது. எல்லைகளைக் கண்டதும் அவற்றை வட்டில் எழுதிவிடாமல், பிரிவினுள் உள்ள கோப்புகளைப் பட்டியலிட்டுக் காணும் வசதியும் இதில் உள்ளது. பட்டியலில் கோப்புப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் எல்லை சரியானது. தேவையானவற்றை முதலில் வேறொரு வட்டுக்குப் படியெடுத்து, அட்டவணையை அதன்பின் எழுதலாம்.